அம்மாவின் மனுவை அம்மாவே சொல்லட்டும்

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, திருமணமாகி மேட்டுப்பாளையத்தில் வசிக்கும் 39 வயதுச் சகோதரி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மா 1972-ல், தம் 15-வது வயதில், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே மகனையும் மகளையும் வளர்த்தார். கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போய், இடைவேளையில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடியதைத் தோட்டத்துப் பெண்கள் இன்றும் சொல்வதாக மகள் எழுதுகிறார். அப்பா 2012-ல் இறந்துவிட்டார். 2015-ல் அம்மா ஓய்வு பெற்று, தோட்டம் தந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, சேமநல நிதியையும் பணிக்கொடையையும் ஒன்று சேர்த்து, இரண்டு அறை வீடும் அதை ஒட்டிய 20 செண்ட் தேயிலையும் தம் பெயரில் வாங்கினார். அடுத்த ஆண்டே அண்ணனும் அண்ணியும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போக, ஐந்து வயதுப் பேத்தியும் ஒரு வயதுப் பேரனும் அப்பாயியிடம் வந்து சேர்ந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அவர்தான் அவர்களை வளர்த்தார்.

2021-ல் அண்ணன், "வீடு என் பேரில் இருந்தால் லோன் போட்டு இன்னும் ஓர் அறை எடுக்கலாம், கடைசி வரைக்கும் நீ இங்கேதானே இருக்கப் போகிறாய்" என்று சொல்ல, அம்மா வீட்டையும் நிலத்தையும் விலை எதுவும் வாங்காமல் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். சென்ற ஜூன் மாதம் அண்ணன் பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார். புதிய அறை எழும்பவில்லை. அம்மா தம் கையால் பறித்துப் போடும் இலைக்கான பணம் அண்ணனின் கணக்குக்குப் போகிறது. இப்போது வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. பத்திரத்தைப் பதிவு அலுவலகத்தில் ரத்து செய்ய முடியுமா, அண்ணன் மீது போலீசில் புகார் தரலாமா, ஒன்பது ஆண்டுகள் பிள்ளை வளர்த்ததற்குக் கூலி கேட்க முடியுமா, தம்மைக் கேட்காமல் எழுதிக் கொடுத்ததால் தம் பங்கு என்னாகும், பெற்ற தாயைக் கோர்ட் வாசலில் நிறுத்துவது பாவம் என்று மாமியார் சொல்கிறாரே, அது உண்மையா என்பவை இந்தச் சகோதரியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணன் என்ன சொன்னார், அண்ணி என்ன செய்தார், நிலத்தின் இன்றைய விலை என்ன, உங்கள் மாமியார் என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் அதில் விரிவாக இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை. அம்மா பேசியதாக நீங்கள் எழுதியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "ராத்திரியில வீடு ரொம்ப அமைதியா இருக்குடி." நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரியில் பட்டா எண்ணுக்குப் போய்விட்டீர்கள். எனக்கோ, இந்த வழக்கின் மையமே அந்த வாக்கியமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. உங்கள் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பெற்றவரை மதிப்பதென்றால், அவருக்காக நாம் சண்டை போடுவதற்கு முன், அவரைக் கேட்டாக வேண்டும். சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது என்பதை விளக்குகிறேன்.

மனு யாருடையது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும். கோத்தகிரி வட்டம் குன்னூர் வருவாய்க் கோட்டத்துக்குள் வருவதால், குன்னூரில் உள்ள கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம். அங்கு வரும் முடிவில் அம்மாவுக்குக் குறையிருந்தால் 60 நாட்களுக்குள் உதகையில் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். இது நீங்கள் அஞ்சுவது போல ஆண்டுக்கணக்கில் இழுக்கும் கோர்ட் வழக்கு அல்ல. பராமரிப்பு மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும், தவிர்க்க முடியாத நிலையில் ஒரே ஒரு முறை 30 நாட்கள் நீட்டிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் மனுதாரரே பேசும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஆனால் மனுவைக் கொடுக்க வேண்டியவர் அம்மா. அவரால் இயலாத நிலையில்தான், அவர் அதிகாரம் அளித்த வேறொருவர் கொடுக்க முடியும். தினமும் தோட்டத்தில் நின்று கொழுந்து பறிக்கும், தெளிவாகப் பேசும் ஒருவரை "இயலாதவர்" என்று காட்டி நீங்கள் கையெழுத்திடுவது சரியாகாது. இன்னொன்றையும் வருத்தப்படாமல் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் "பிள்ளைகள்" என்ற சொல்லில் மகன் மட்டுமல்ல, மகளும் அடக்கம். மகள் வேறு வீட்டுக்குப் போனவள், அவளுக்குக் கடமை இல்லை என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அம்மா பராமரிப்புக் கேட்டு மனு கொடுத்தால், வரிசையில் அண்ணனுக்கு அடுத்து உங்கள் பெயரும் எதிர்மனுதாரராக இடம்பெறலாம். உங்கள் வருமானத்துக்கேற்ற ஒரு பங்கை நீங்களும் ஏற்க வேண்டி வரலாம். "மகள் வீட்டில் சோறு தின்ன மாட்டேன்" என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவர் வளர்ந்த விதம். அதை மாற்ற நமக்கு உரிமையில்லை. ஆனால் மகள் தரும் பணத்தில் தம் வீட்டில் உலை வைக்க அவர் மறுப்பாரா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

பத்திரத்தைப் பற்றி

முதலில் உங்கள் பங்கு பற்றிய கேள்வியை முடித்துவிடுகிறேன். அம்மா தம் உழைப்புப் பணத்தில் வாங்கிய சொத்து முழுக்க முழுக்க அம்மாவுடையது. அவர் உயிரோடு இருக்கும் வரை அதில் உங்களுக்கோ அண்ணனுக்கோ பங்கு என்று எதுவும் இல்லை. உங்களைக் கேட்டு எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. பத்திரம் செல்லாது என்று நாளை தீர்ப்பானாலும் சொத்து அம்மாவிடம்தான் திரும்பும். உங்கள் மனதில் இந்தக் கணக்கு இருந்தால் அதை இப்போதே இறக்கி வைத்துவிடுவது நல்லது. விசாரணையில் அண்ணன் முதலில் தொடப்போவது அதைத்தான்.

அடுத்து, பதிவு அலுவலகத்துக்குப் போய் அம்மா தனியாக ரத்துப் பத்திரம் எழுத முடியாது. பதிவான செட்டில்மெண்டை எழுதிக் கொடுத்தவர் ஒருதலைப்பட்சமாக ரத்து செய்வதை ஏற்க முடியாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் தெளிவுபடுத்திய நிலை. யாராவது "ஐயாயிரம் கொடுங்கள், ரத்து செய்து தருகிறேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சரியான வழி 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவு. மூத்த குடிமகன் ஒருவர், தமக்கு அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் சொத்தைப் பெற்றுக்கொண்டவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டவர் அதைச் செய்ய மறுத்தாலோ தவறினாலோ, அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டதாகவே கருதப்பட்டு, எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் செல்லாததாக அறிவிக்கப்படும். "விரும்பினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். விருப்பம் அம்மாவுடையது. 2021-ல் அவருக்கு 60 வயது கடந்திருந்ததால் இந்தப் பிரிவு அவருக்குத் திறந்தே இருக்கிறது.

சிக்கல் "நிபந்தனை" என்ற சொல்லில் இருக்கிறது. பத்திரத்தில் "உன் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும்தான் இருக்கிறது, கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை, ஆகவே எல்லாம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி அல்ல, அதற்காக, எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நிபந்தனை இருந்ததைக் காட்டினால்தான் 23-வது பிரிவு பொருந்தும், வெறும் அன்புக்காகக் கொடுத்தது போதாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், இது முதியோரைக் காக்க வந்த நலச் சட்டம், இதை இறுக்கமாக அல்லாமல் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, மகனுக்குத் தாய் எழுதிய தானப் பத்திரத்தை அதே நீதிமன்றம் செல்லாததாக்கியது. அங்கே தாயைக் கவனித்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்த தனித் தாள் ஒன்று இருந்தது. 2025 மார்ச்சில், நாகப்பட்டினம் மாவட்டத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், பெற்றோர் அன்பினால் எழுதிக் கொடுக்கும்போது அந்த அன்புக்குள்ளேயே கவனிப்பு என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது, அதைத் தனியே எழுதியிருக்க வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே உங்கள் அம்மாவின் நிலை வலுவற்றது அல்ல. ஆனால் சூழ்நிலையை நாம் நிறுவ வேண்டும்.

நீங்கள் கூலி கேட்ட ஒன்பது ஆண்டுகள் இங்கேதான் பயன்படும். பிள்ளை வளர்த்ததற்குக் கூலி என்று எந்தச் சட்டமும் கணக்குப் போட்டுத் தராது. பராமரிப்புத் தொகை இன்றைய தேவையை வைத்து முடிவாகிறதே தவிர, நேற்றைய உழைப்பை வைத்து அல்ல. ஆனால் எந்தப் புரிதலில் அந்த வீடு கைமாறியது என்பதற்கு அந்த ஒன்பது ஆண்டுகளைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பேத்தியின் ரேங்க் கார்டில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டதால், பத்து வயதுப் பேத்தியே சிலேட்டில் எழுதிப் பழக்கி அப்பாயிக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தாள் என்றும், அடுத்த சில மாதங்களில் அதே கையெழுத்தைத்தான் அம்மா செட்டில்மெண்ட் பத்திரத்தில் போட்டார் என்றும், கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் மூன்று முறை வைக்கச் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரேங்க் கார்டுகள், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் இருக்கும் பெயர் என ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். ஒரே வீட்டில், அண்ணனின் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரை இங்கேதான் என்ற சொல்லை நம்பி எழுதிக் கொடுத்தவர் அவர் என்பதை அவை சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஏமாற்றி வாங்கிவிட்டான்" என்று மனுவில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் நான்காம் பக்கத்தில், அம்மா மனமுவந்துதான் கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மை இரண்டாவதென்றால் முதலாவதை எழுதாதீர்கள். அம்மாவையே விசாரிப்பார்கள், அவர் பொய் சொல்ல மாட்டார். ஒரு பொய்க் காரணம், உண்மையான காரணத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

அவசரமானது ஒன்று: விற்பனை. விவரம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவர் கைக்குச் சொத்து போய்விட்டால் மீட்பது கடினம். வில்லங்கச் சான்று எடுத்து, கடன் அடமானமோ விற்பனை ஒப்பந்தமோ பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அம்மா மனு கொடுக்க முடிவு செய்தால், முடிவு தெரியும் வரை சொத்தைக் கைமாற்றாமல் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அதிலேயே இருக்கட்டும். தேவைப்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் கேட்கலாம். பெண் என்ற தகுதி ஒன்றாலேயே, வருமானம் எவ்வளவு என்று பாராமல், அம்மாவுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உதகையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, அருகிலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவையோ அணுகலாம்.

பராமரிப்பும் போலீசும்

போலீஸ் புகார் வேண்டாம். பெற்றோரை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு ஓரிடத்தில் விட்டுச் செல்வதற்கு 24-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அம்மா தம் வீட்டில்தான் இருக்கிறார். சில மாதங்களில் அண்ணனிடமிருந்து 1,500 ரூபாய் வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது அந்தப் பிரிவுக்குள் அடங்காது. மாத பராமரிப்பாகத் தீர்ப்பாயம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். விசாரணை நடக்கும்போதே இடைக்காலத் தொகையும் கேட்கலாம். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் அதில் சேரும். இதே நிவாரணத்தை குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் கேட்க முடியும். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

பேச்சுவார்த்தை என்ற வழி

விசாரணைக்கு முன் விஷயத்தைச் சமரச அலுவலரிடம் அனுப்பத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பலர் அதைச் சடங்காக நினைத்துத் தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். நான் அதைத்தான் பெரிதும் நம்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு பேச்சுவார்த்தையின்போது நான் உடனிருந்தேன். மூன்று பிள்ளைகளும் யார் எவ்வளவு தருவது என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அலுவலர் அந்த மூதாட்டியின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "அடுப்படியை ஒட்டின ரூமைத் திருப்பிக் கொடுத்தாப் போதும் சாமி, ராத்திரி அங்கதான் சூடா இருக்கும்" என்றார் அவர். உறைபனிக் காலத்தில் அவரை முன்பக்க அறைக்கு மாற்றிவிட்டு, அந்த அறையில் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதுவரை பேசிய மூவருக்கும் அது தெரியும். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

உங்கள் அண்ணனைக் கொடியவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் தம்மோடு வைத்துக்கொள்ள நினைத்தது தவறல்ல. ஒன்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் பிரிந்திருந்தது அவருக்கும் அண்ணிக்கும் எளிதாக இருந்திருக்காது. தவறு, பிள்ளைகளை அழைத்துக்கொண்ட அன்றே அம்மாவின் வேலை முடிந்துவிட்டது போல நடந்துகொண்டதில் இருக்கிறது. வீட்டை விற்காமல், அம்மா வாழும் வரை அதில் குடியிருந்து தேயிலையை அனுபவிக்கும் ஆயுட்கால உரிமையை அண்ணன் பதிவுப் பத்திரமாகவே எழுதித் தரலாம். இலைக் கணக்கை அம்மாவின் வங்கிக் கணக்குக்கு மாற்றலாம். செடிகளை வெட்டிவிடும் கவாத்து, உரச் செலவை நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். பத்திரத்தை உடைக்காமலேயே இவ்வளவும் முடியும். மறுத்தால் 23-வது பிரிவு இருக்கவே இருக்கிறது.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்தின் கை நீளாது. தாய் தந்தை இருவரும் பிள்ளைகளோடு இருக்கும்போது, வளர்த்த பாட்டி என்பதற்காக அவர்களைப் பார்க்கும் உரிமையைத் தரும் தனிப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் சமரசத்தில் இதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. மே விடுமுறையிலும் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும் பிள்ளைகள் அப்பாயி வீட்டுக்கு வருவார்கள் என்பதை உடன்படிக்கையில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கலாம். பேத்திக்கு 15 வயதாகிறது. அவளுக்கும் இதில் ஒரு விருப்பம் இருக்கும். அதையும் யாராவது கேட்க வேண்டும்.

உங்கள் மாமியார் சொன்னதைப் பற்றி: தாயைக் கோர்ட் வாசலில் நிறுத்துவது பாவம் என்பது, தாய் கேட்காமலேயே பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்த காலத்துச் சொல். அம்மா தாமாக விரும்பி அந்தப் படியில் ஏறினால் அதில் யாருக்கும் இழிவில்லை. அவர் விரும்பாமல் நீங்கள் ஏற்றினால், உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே அண்ணனோடு பேசுவதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போங்கள். கணவரையோ பக்கத்து வீட்டாரையோ வைத்துக்கொள்ளாமல், ஓர் இரவு அங்கே தங்குங்கள். அமைதியாக இருக்கிறது என்று அவர் சொன்ன அந்த நேரத்தில், வீடு வேண்டுமா, பணம் வேண்டுமா, பிள்ளைகள் வர வேண்டுமா, அல்லது எதுவுமே வேண்டாம், விட்டுவிடு என்கிறாரா என்று கேளுங்கள். "பெத்த மனம் பித்து" என்று சொல்லி அவர் பேச்சை மாற்றுவார். அவசரப்படாமல் மறுநாள் காலையிலும் ஒரு முறை கேளுங்கள். கிடைக்கும் பதிலை நீங்கள் திருத்தாமல், அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பத்திர நகல், வில்லங்கச் சான்று, அம்மாவின் ஆதார், ரேங்க் கார்டுகள் இவற்றோடு அவரையும் அழைத்து வாருங்கள். மனு என்று ஒன்று எழுத வேண்டி வந்தால், அதன் முதல் பத்தி அந்தத் தாளில் இருப்பதாகவே இருக்கும்.